பிசிர்

கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து.
எட்டுப் பேர், நாலு லேத்,
இன்னும் பதினாலு தவணை பாக்கியுள்ள ஒரு லேசர் மிஷின்,
ஒரு மைக்ராஸ்கோப்.
மைக்ராஸ்கோப் மட்டும் என் பொறுப்பு.

கோழிப்பண்ணைக்கு, சாயப்பட்டறைக்கு, மருந்தடிக்க
நாசில் செய்துகொண்டிருந்தோம்.
தையில் வந்தது வேறு ஆர்டர். முந்நூறு உருப்படி.
உப்புக்குத் தாங்கும் எஃகு.
துளை, தலைமுடியில் பாதி.
அதிலிருந்து தெறிக்கிற துளியோ
அந்த முடியை நூறாகக் கிழித்த கீற்றைவிடச் சிறிது.

“எதுக்குங்க இத்தன பொடிசா?”
லேசரில் நிற்கிற கிட்டுசாமி கேட்டார்.
“வடகோடிப் பனிக்கடலுக்குங்க.
கப்பல்ல மாட்டி, கடல்தண்ணிய மேகத்துக்குள்ள ஊதுவாங்களாம்.
மேகம் வெளுக்கும். வெளுத்தா வெய்யில் திரும்பிப் போயிரும்.
கீழ பனி கரையாம நிக்கும்.”

ஷட்டருக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.
ஆனி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து
நிற்காத சத்தி பஸ் மாதிரி
கிழக்கே போய்க்கொண்டிருந்தது மேகம்.
“இதுக்கு ஊத ஒருத்தனையும் காணோம்” என்றார்.

என் வேலை பிசிர் பார்ப்பது.
துளை விளிம்பில் ஒரு பிசிர் நின்றால் துளி பெருத்துவிடும்.
பெருத்த துளி மேகத்தை வெளுக்காது,
தூறலாக்கிக் கரைத்துவிடும்.
இதைச் சொன்ன அன்று சாயங்காலம்
கழித்துப் போட்ட டப்பாவில் இரண்டு குறைந்தது.
கிட்டுசாமிக்கு அன்னூர்ப் பக்கம் நாலு ஏக்கர், மானாவாரி.
நான் கணக்கில் எழுதவில்லை.

ஐப்பசியில் அறிக்கை வந்தது, இருபத்தாறு பக்கம்.
மத்தியானச் சோற்று நேரங்களில்
போனில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தேன், நாலு நாள்.

மேகம் வெளுத்தது நிஜம்தான்.
சூரியன் இறங்காத அந்த மாதங்களில்
காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் நிஜம்.
கடல் மட்டும் கேட்கவில்லை.
தெற்கேயிருந்து வந்த சுடுநீரோட்டம்
பனியை அடிவயிற்றிலிருந்து தின்றிருக்கிறது.
பிறகு இரவு. அங்கே இரவென்றால் மாதக் கணக்கு.
திருப்பிவிட வெயிலே இல்லாத இருட்டில்
மேகம் கம்பளியாகிவிட்டது,
கடல் விட்ட மூச்சை மேலே போக விடாமல்.

இதற்கு இருபத்தாறு பக்கம் எதற்கு?
சின்னவேடம்பட்டியில், நாங்கள் குடியிருக்கிற வீட்டு மொட்டைமாடிக்கு
சித்திரையில் வெள்ளையடித்தோம்.
பகலில் கால் வைக்க முடிந்தது.
ஆனால் கறுப்புத் தொட்டித் தண்ணீர்
ராத்திரி பத்து மணிக்கும் கையைச் சுட்டது.
மூடாக்குப் போட்ட இரவுகள் இன்னும் மோசம்.
ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டாள் மகள்.
“மேகம் வந்தா ஜில்லுன்னு இருக்கும்னு சொன்னியேம்மா?”
பகல் மேகத்தைத்தான் சொன்னேன், கண்ணு.
மூன்று மணிக்கு மேல் மேகம் விலகி
நட்சத்திரம் நாலு தெரிந்த பிறகுதான்
வீடு மூச்சுவிட்டது.

“நம்ம உருப்படி மேல குத்தமில்லீங்களே?”
“இல்லீங்க. முந்நூறும் பாஸ்.”
“அப்ப எதுங்க ஃபெயில்?”

என் படிவத்தில் நீளம், விட்டம், பிசிர்
மூன்றே கட்டம்.
தண்ணீர் எத்தனை வருஷச் சூட்டை
உள்ளே வைத்திருக்கிறது என்று எழுத
ஓரத்தில்கூட இடமில்லை.

திங்கட்கிழமை மறுபடி ஆர்டர். ஐந்நூறு.
அறிக்கையை எழுதியவர்களே கேட்டிருக்கிறார்கள்,
இன்னும் சிறிய துளை வேண்டுமாம்.
முதலாளி தவணைக்காரனுக்குப் போன் போட்டார்.
நான் லென்ஸைத் துடைத்தேன்.

அந்த இரண்டு நாசில் என்ன ஆச்சு என்று
நேற்றுத்தான் கிட்டுசாமியிடம் கேட்டேன்.
தலையைச் சொறிந்தார்.
“போர்த்தண்ணிலதாங்க மாட்டிப் பாத்தேன்.
அரை மணி நேரம் நல்லாத்தான் பொகஞ்சுது.
பக்கத்துக் காட்டு ஆடெல்லாம் வந்து நின்னுது.
அப்பறம் உப்பு அடைச்சுக்கிச்சு.”